14 மணி நேரம், அதில் வழியில் போனது 25 நிமிடம்

வாசகர் கடிதம்:

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கம். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், அண்ணன் அமெரிக்காவில், தம்பி சென்னையில். ஊர் வீட்டில் அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் (அம்மா) மட்டும்தான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்கு அப்பச்சிக்கு நெஞ்சை அடைப்பதுபோல் இருந்தது. அப்போது வயது 71. 15 வருடமாகச் சுகர். ஆத்தா வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் எனக்குப் போன். 'இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா ஒட்டிக்கிரும், விடியட்டும் பாப்போம்' என்று சொன்னது நான்தான். அண்ணனும் அதையே சொன்னார். விடிந்தபோது வலி குறைந்திருந்தது. சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு 5 மணிக்குத்தான் கூட்டிப் போனார்கள். வீட்டிலிருந்து 25 நிமிட வழி. 'பெரிய அட்டாக், ரொம்ப லேட்டாக வந்திருக்கிறீர்கள்' என்றார்களாம். பிழைத்துக்கொண்டார். ஆனால் பம்பிங் 30 சதவீதம்தான். மச்சுக்கு ஏற முடிவதில்லை. நான் அன்றைக்கே போகச் சொல்லியிருந்தால் அப்பச்சி முன்போல் இருந்திருப்பாரா? நான்கு வருடமாக இதே கேள்விதான். இன்னொன்று, கொரோனா போயிற்று, ஆத்தாவின் பயம் போகவில்லை. 'எனக்கு என்ன வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது' என்கிறார்கள். மறுபடி அப்படி ஒரு ராத்திரி வந்தால் நாங்கள் என்ன செய்வது? பெயர் வேண்டாம்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக அதைச் சுமப்பவரிடம் பூசி மெழுகினால் உடனே தெரிந்துவிடும். ஆமாம், 3 மணிக்கு வலி வந்தவர் 4 மணிக்கோ 5 மணிக்கோ வந்து சேர்ந்திருந்தால், இன்றைக்கு இருப்பதைவிடக் கூடுதலான தசை அவர் இதயத்தில் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். எவ்வளவு கூடுதல், பம்பிங் (இதயத்தில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளப்படும் பங்கு) 40 சதவீதமா 50 சதவீதமா என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் வருடக்கணக்காகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒன்று திடீரென்று விரிசல் விடுகிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, குழாயை அடைத்துவிடுகிறது. இந்தக் குழாய்கள் இதயத்தின் வெளிப்பக்கமாக ஓடி, அங்கிருந்து உள்ளே கிளை விடுபவை. அதனால் வாய்க்கால் அடைபட்டால் கடைமடை முதலில் காய்வதுபோல, உள்பக்கத் தசைதான் முதலில் வாடும். 20 முதல் 40 நிமிடத்துக்குள் சாவு ஆரம்பித்துவிடும். பிறகு வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். ஆறு மணி நேரம் போனால் அந்தக் குழாயை நம்பியிருந்த தசையில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவது 12 மணி நேரத்துக்குள்தான், அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் அதன் முழுப் பலனும் கிடைக்கும். உங்கள் அப்பச்சி வந்தது 14-ஆவது மணியில்.

காலையில் வலி குறைந்ததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். சிலருக்குக் கட்டி தானாகக் கொஞ்சம் கரைந்து வலி குறைவதுண்டு. ஆனால் பல பேருக்கு, வலிக்க வேண்டிய தசை உயிரோடு இல்லாததால்தான் வலி நின்றுபோகிறது. போதாததற்கு 15 வருடச் சுகர் நரம்புகளை மழுக்கியிருக்கும். வலியின் அளவை வைத்து அட்டாக்கின் அளவை எடைபோட அவர் விஷயத்தில் வழியே இல்லை.

சரி, இப்போது இரண்டாவது பாதி. ஒரு மணி நேரத்தில் வந்து, எல்லாம் ஒழுங்காக நடந்தும் பம்பிங் 35-இல் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மே மாதம் நீங்கள் 3 மணிக்கே கிளம்பச் சொல்லியிருந்தாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாம் வேகமாக நடந்திருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அன்றைக்கு நான் வேலை பார்த்த இடத்தில் நெஞ்சு வலியோடு வந்தவர்களுக்கு முதலில் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தோம், முடிவு வரும்வரை தனியறையில் உட்காரவைத்தோம். ஒரு பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி வைத்திருந்தேன். அவருடைய ஈ.சி.ஜி. என் மேசையில் இருந்தது, அதில் அட்டாக் பளிச்சென்று தெரிந்தது. அன்றைய மருத்துவமனை விதிமுறை அப்படி என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அவர் பிழைத்தார் என்பது என்னுடைய அதிர்ஷ்டம், திறமை ஒன்றும் இல்லை. ஆக, காக்கவைத்தவர்கள் பட்டியலில் நீங்கள் மட்டும் இல்லை, வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் இருக்கிறோம்.

உலகம் முழுக்க இதேதான் நடந்தது. 2020 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு மருத்துவமனையில் கணக்குப் பார்த்தார்கள். நெஞ்சு வலி தொடங்கியதிலிருந்து மருத்துவ உதவியை எட்டும்வரை ஆகும் நேரம், அதற்கு முந்தைய காலத்தில் ஏறக்குறைய 82 நிமிடம். தொற்று வந்தபின் 318 நிமிடம். ஏழே பேரை வைத்துப் போட்ட சின்னக் கணக்குதான் அது. ஆனாலும் எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் ஹாங்காங்கில் சாலையும் ஆம்புலன்ஸும் எங்கும் போய்விடவில்லை. இத்தாலியில் 2020 மார்ச்சில் ஒரு வாரத்தை எடுத்து முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டபோது, மாரடைப்பு என்று மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தார்கள். வந்தவர்களில், குழாய் முழுதாக அடைபட்ட பெரிய அட்டாக்கில் இறந்தவர்கள் நூற்றுக்கு 4 பேரிலிருந்து கிட்டத்தட்ட 14 பேராகியிருந்தார்கள். நம் நாட்டிலும் இந்திய இதயவியல் சங்கம் 187 மருத்துவமனைகளில் பார்த்தது. முதல் ஊரடங்கு மாதங்களில் மாரடைப்புக்காகச் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தார்கள். 'ஊரடங்கில் புகை இல்லை, டென்ஷன் இல்லை, அட்டாக்கும் குறைந்துவிட்டது' என்று அப்போது வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றியது. எனக்கே ஐந்தாறு பேர் அனுப்பினார்கள். அட்டாக் குறையவில்லை. வீட்டுக்குள் நடந்தது.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது: 'வீட்டிலிருந்து 25 நிமிட வழி.' 14 மணி நேரத்தில் வழியில் போனது 25 நிமிடம். மீதி பதிமூன்றரை மணி நேரம் வளவுக்குள்ளேயே (வீட்டு உள்முற்றத்துக்குள்ளேயே) போயிற்று. அந்தப் பதிமூன்றரை மணி நேரத்தில் கொரோனாவுக்கு எவ்வளவு பங்கு என்று நினைக்கிறீர்கள்? பெரும்பங்குதான், மறுக்கவில்லை. ஆனால் கொரோனா வருவதற்கு முன்னும் இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளிலிருந்து வருகிற நோயாளிகள் தாமதமாகத்தான் வருவார்கள். ஆத்தா மகளுக்குப் போன் போடுவார்கள். மகள் அண்ணனுக்கு. அண்ணன், கூடப் படித்த ஒரு டாக்டருக்கு. அவர் போனை எடுக்க அரை மணி. ஊரில் 3 மணி என்றால் உங்களுக்கு ஐந்தரை, அமெரிக்காவில் அண்ணனுக்கு முந்தின நாள் சாயங்காலம். எல்லோரும் பாசமாகத்தான் பேசுகிறார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் கையிலும் முடிவு இல்லை. தொற்றுக்காலம் செய்தது, ஏற்கெனவே இருந்த இந்தத் தயக்கத்துக்கு ஒரு நியாயமான காரணத்தைக் கொடுத்ததுதான்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: அந்த ராத்திரியில் யாரும் முடிவெடுக்கிற நிலைமையே வரக் கூடாது. முடிவு முன்கூட்டியே எடுத்து முடிந்திருக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பிள்ளைகளும் வீடியோ காலில் ஒன்றாக வாருங்கள். அப்பச்சியும் ஆச்சியும் எதிரில் இருக்கட்டும். (உங்கள் ஆத்தாவை ஆச்சி என்றே எழுதுகிறேன், இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து எனக்கு வாயில் வருவது அதுதான்.) சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: 'நெஞ்சில் அடைப்போ அழுத்தமோ பத்து நிமிடம் நின்றால் 108-க்குப் போன் போடுங்கள். வண்டி ஏறிய பிறகு எங்களுக்குச் சொல்லுங்கள். எங்களைக் கேட்க வேண்டாம்.' இதை மூன்று பேரும் தனித்தனியாக, தங்கள் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லி அண்ணன் தலையாட்டினால் போதாது. மூத்த பிள்ளை வாயிலிருந்து வராத அனுமதியை இந்த வயதில் இருக்கும் பெற்றோர் அனுமதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, பட்டாலையில் (கூடத்தில்) போன் இருக்கும் இடத்துக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். காலண்டர் தொங்கும் ஆணியில் மாட்டினாலும் சரி. பின்னிரவில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

வாயுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் நம் ஊரில் கொரோனாவைவிட அதிகம் பேரை வீட்டில் உட்காரவைத்த சொல் அது. இதயத்தின் அடிப்பக்கத்தில் அட்டாக் வந்தால் பல சமயம் மேல்வயிற்றில் வலிக்கும். ஏப்பம் வரும், வாந்தி வரும். ஓமத் தண்ணீர், பெருங்காயம், சோடா, ஜெலுசில் எது குடித்தாலும் கொஞ்ச நேரம் இதமாக இருப்பதுபோல் தோன்றும். அதனால் இதயம் இல்லை என்று ஆகிவிடாது. எங்கே வலி என்று கேட்டால் ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிறவரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை வராது. உள்ளங்கையை விரித்தோ, கையை மூடியோ நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டுகிறவரைப் பார்த்தால் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவேன். அதோடு பனியன் நனைகிற வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல், 'என்னமோ பண்ணுதே' என்கிற பயம், இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் போதும். அப்பச்சிபோலச் சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம்.

கொரோனாவுக்குப் பிறகு புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. எல்லா வீட்டிலும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறது. நெஞ்சு வலி என்றால் முதலில் அதை மாட்டிப் பார்க்கிறார்கள். 97 காட்டுகிறது, 'நார்மல்' என்று படுத்துவிடுகிறார்கள். பெரிய அட்டாக்கிலும் அந்தக் கருவி பல மணி நேரம் 97, 98 காட்டும். அது அளப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை. இதயக் குழாய் அடைத்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பிரஷர் மிஷினும் அப்படித்தான். இதை முதலில் சொல்லக்கூடியது ஈ.சி.ஜி.தான், அதுவும் சில சமயம் முதல் தடவை சரியாக இருந்து அரை மணி கழித்து எடுத்தால் மாறியிருக்கும். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தையும் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் அங்கே போய் உட்கார வேண்டும்.

அடுத்து வீடு. இதை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் எங்கள் 108 பையன்களைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்புக் கதவு இரும்புபோல் கனக்கும், மேலும் கீழும் தாழ்ப்பாள், நடுவில் பூட்டு. நெஞ்சு வலிக்காரர் உள்ளே தள்ளியிருக்கும் இரண்டாங்கட்டில் படுத்திருப்பார். ஆச்சி ஒற்றை ஆளாக முழங்கால் வலியோடு வளவையும் பட்டாலையையும் முகப்பையும் தாண்டி வந்து, அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், கூப்பிட்டாலும் வர ஆள் இல்லை. அதனால் ராத்திரியில் அப்பச்சி முகப்புக்குப் பக்கத்து அறையில் படுக்கட்டும். ஒரு சாவி, நடந்து வரும் தூரத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். 108-இல் இடம் கேட்டால் வீட்டு விலாசமாக வழங்கும் குடும்ப இனிஷியலைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, வண்டி ஓட்டுகிறவர் வேறு ஊர்க்காரராக இருப்பார். 'இன்ன ஊருணிக்குத் தென்கரை, பிள்ளையார் கோயிலிலிருந்து நாலாவது வீடு, வாசலில் விளக்கு போட்டிருக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

வண்டி வருவதற்குள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாய்ந்து உட்காரவைக்க வேண்டும், நடக்கவிடக் கூடாது. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம், அதாவது 75 மாத்திரை என்றால் நான்கு, 150 என்றால் இரண்டு. விழுங்காமல் மென்று சாப்பிட வேண்டும். தினசரி மாத்திரையில் ஆஸ்பிரின் இருந்தாலும் பரவாயில்லை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கறுப்பாக மலம் போகிறவர்களுக்கும், வாய் கோணுதல், கை விளங்காமல் போதல் போன்ற பக்கவாத அறிகுறி இருப்பவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. அப்பச்சியைப் பார்க்கும் டாக்டரிடம் அவருக்கு இது சரியா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அந்த மாத்திரையைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது ஆளைச் சாய்த்துவிடும். ஆண்மைக்கான மாத்திரை எடுத்தவருக்கு அது இன்னும் ஆபத்து. அதை எந்த ஆம்பளையும் மனைவி எதிரில் சொல்ல மாட்டார், நாங்கள்தான் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். ஆள் நினைவிழந்து மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். சாவி வைத்திருப்பவர் இதைக் கற்றுக்கொண்டால் உத்தமம். வண்டி வர வெகு நேரமாகும், பக்கத்தில் கார் இருக்கிறது என்றால் காரில் போகலாம், ஆனால் நோயாளி ஓட்டக் கூடாது. சிரிக்காதீர்கள், காரைக்குடிக்குப் பக்கத்துப் புதுவயலிலிருந்து தானே பைக் ஓட்டிக்கொண்டு வந்த ஒருவருக்கு நான் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறேன்.

எங்கே போவது? வசதியுள்ளவர்கள் செய்கிற தப்பு இங்கேதான். 'நேரே மதுரைக்குப் போயிரலாம், அங்கேதான் நல்ல டாக்டர்' என்று கிளம்பிவிடுவார்கள். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர், திருச்சியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஈ.சி.ஜி.யில் அட்டாக் என்று தெரிந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் (சின்னக் கம்பி வலைக் குழாய்) வைத்து அடைப்பைத் திறக்க முடியும் என்றால் அதுதான் முதல் தேர்வு. முடியாது என்றால், பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில் அரை மணிக்குள் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, அப்புறம் பெரிய இடத்துக்குப் போய் ஆஞ்சியோ பார்ப்பது நல்லது. சீக்கிரம் போட்ட ஊசி, லேட்டாக வைத்த ஸ்டென்ட்டுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. எனவே தம்பியை ஒரு நாள் ஊருக்கு அனுப்பி, உங்கள் ஊரைச் சுற்றி 24 மணி நேரமும் ஈ.சி.ஜி. எடுத்துக் கரைக்கும் ஊசி போடுகிற இடம் எது, ராத்திரியிலும் ஸ்டென்ட் வைக்கிற இடம் எது என்று நேரில் விசாரித்து எழுதி வாங்குங்கள். பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'ராத்திரி 3 மணிக்கு வந்தால்?' என்று கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சு வலியோடு வருபவர்களுக்கு அங்கேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் (இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை), அடோர்வாஸ்டாட்டின் (கொழுப்பு மாத்திரை) முதல் டோஸைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

இனி ஆச்சி. 'ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது' என்பதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வருடம் அவர்கள் கண்ணால் பார்த்தது என்ன? நல்ல நாள் கெட்ட நாள் எதற்கும் பங்காளிகள் அத்தனை பேரும் வந்து நிற்கிற வளவு. அந்த மாதிரி வீட்டிலிருந்து போனவர்கள் பிளாஸ்டிக்கில் சுற்றி, முகம் பார்க்க விடாமல், நாலு பேரோடு சுடுகாட்டுக்குப் போனார்கள். ஆச்சிக்குப் பயம் சாவைப் பற்றி அவ்வளவு இருக்காது. யாருமில்லாமல் போவதைப் பற்றி இருக்கும். அந்த மாதம் என்னிடம் ஒரு ஆச்சி, 'செத்தா வளவுக்குள்ளயே சாகுறேன் தம்பி, நாலு பேரு பாக்கட்டும்' என்று சொன்னார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

இன்றைக்குப் பதில் இருக்கிறது. நோயாளியோடு ஒருவர் கூட இருக்கலாம், பார்க்க வரலாம். இதை நீங்கள் போனில் பத்துத் தடவை சொல்வதைவிட, அப்பச்சியின் அடுத்த செக்கப்புக்கு ஆச்சியையும் கூட்டிப் போய், அவசரப் பிரிவில் ஐந்து நிமிடம் உட்காரவைத்துக் காட்டுங்கள். அவர்கள் மனதில் இருக்கும் ஆஸ்பத்திரி 2021-ஆம் வருடத்தது. அதன்மேல் வேறொரு படம் விழ வேண்டும். அப்போதே ஆச்சிக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, பிரஷர், சுகர், கொழுப்பு பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு அட்டாக் வந்தால் மூச்சு வாங்குதல், தாடை வலி, முதுகு வலி, அடித்துப் போட்டதுபோல் அசதி என்றும் பல சமயம் ஆரம்பிக்கும். அதோடு ஆச்சிமார்கள் அடுப்படியை ஒதுங்கவைத்து, விளக்கேற்றி, எல்லோருக்கும் சாப்பாடு போட்டு முடித்த பிறகுதான் 'காலையிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு' என்பார்கள். அப்படியும் மறுத்தால், 'நீங்கள் படுத்துவிட்டால் அப்பச்சிக்கு யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பது?' என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் சூழ்ச்சிதான். பலித்திருக்கிறது.

நாளைக்கே வேறொரு தொற்று வந்தாலும் இதில் ஒன்றும் மாறாது. மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கிருமி தொற்றுவது ஒரு வாய்ப்பு, தொற்றாமலும் போகலாம். குழாய் அடைத்தபின் தசை சாவது அப்படியில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: கோவிட் வந்த முதல் ஓரிரு வாரங்களில் மாரடைப்பு ஆபத்தே கூடுகிறது. எனவே காய்ச்சலோடு வருகிற நெஞ்சு வலியைக் 'கொரோனா வலி' என்று ஒதுக்காதீர்கள். மாத்திரை எப்போதும் ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

அப்பச்சிக்கு இப்போது செய்யக்கூடியதும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பிங் சாதாரணமாக 55-க்கு மேல் இருக்கும். 30 என்பது பயப்பட வேண்டிய எண்தான், ஆனால் இன்றைய மருந்துகளில் சிலருக்கு அது ஏறவும் செய்கிறது. சுகருக்கு என்று வந்த டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை பலவீனமான இதயத்துக்கும் உதவுகிறது. அவர் பட்டியலில் அது இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். முறையாக மருந்து எடுத்தும் 35-க்குக் கீழேயே இருந்தால், திடீர்த் துடிப்புக் கோளாறை உள்ளிருந்தே சரிசெய்யும் ஐ.சி.டி. கருவி தேவையா என்றும் கேளுங்கள். தினமும் காலையில் எடை பார்க்கட்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். உப்பைக் குறைப்பதில் உங்கள் வீட்டில் பெரிய சண்டை வரும் என்று தெரியும். வத்தலையும் ஊறுகாயையும்கூட விட்டுவிடுவார்கள், உப்புக்கண்டத்தை விடச் சொன்னால் என்னிடமே கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. விடத்தான் வேண்டும்.

அப்பச்சியிடம் அந்த ராத்திரியைப் பற்றி நீங்கள் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. பேசிப் பாருங்கள். 'நானே போக வேணாம்னுதானே இருந்தேன்' என்று அவர் சொன்னால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

மறுபடி எழுதினால், முகப்புச் சாவியை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.